மெச்சக்கூடாத வீடு

அந்த வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே நாக்கை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்டிக்கருகே சுதுஹும்பொலையில், கோச்சி ஓடும் தண்டவாளத்துக்கு மேலே, மண்சரிவில் ஒருக்களித்து நின்ற வீடு. மழைக்காலத்தில் மேகம் ஒரு ஜன்னலால் உள்ளே வரும், கதிரையில் கொஞ்சநேரம் இருக்கும், மற்ற ஜன்னலால் போகும். அதைப் பார்த்து என்ன அழகு என்று தாராளமாகச் சொல்லலாம். மேகத்துக்கு ஒன்றும் ஆகாது. படம் கீறிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்து மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால், சொன்னது மறுநாள் இருக்காது.

இதை எனக்கு முன்கூட்டி ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாவலப்பிட்டியில் அப்பாவுக்குச் சில்லறைக் கடை. கண்டியில் ஒரு தேயிலை ஸ்டோரில், பெட்டிகளில் தோட்டத்து மார்க் எழுதும் வேலை கிடைத்து, தங்க இடம் தேடி அலைந்து, அந்த வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர், கண்டி ஸ்டேஷனில் பொதிகளுக்குப் பொறுப்பான கிளாக்கர். அவரை அண்ணை என்றேன். அவருடைய மனைவியை அக்கா என்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அக்காவுக்கு நாற்பது இருக்கும். கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய சேலை. படம் கீறுகிற வலது பெருவிரலில் எந்நேரமும் ஏதோ ஒரு நிறம். குழம்பில் உப்புப் பார்க்க மட்டும் அந்த விரலை விட்டுச் சுண்டுவிரலைத் தோய்ப்பார். "அவவிட்டை இருக்கிற ஒரேயொரு நாகரிகம் அதுதான்," என்பார் அண்ணை.

வந்த முதல் வாரம் ஒரு பலகையில் கண்டிக் குளம் இருந்தது. தண்ணீர் அப்படி மினுங்கியது. நான் சின்னவன், பண்போடு வளர்க்கப்பட்டவன், வாடகை வீட்டில் நல்ல பெயர் எடுக்கவேண்டியவன்.

"குளம் நெசத் தண்ணி மாதிரியே இருக்குங்க அக்கா," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சோற்றில் கல் கடித்தவர் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவ்வளவுதான். அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால் குளத்தைக் காணோம். குளம் இருந்த இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு வெளி. அதைச் சுற்றி, பார்ப்பதற்கு எதுவுமில்லாமல் கைகட்டி நின்றன மரங்கள்.

அண்ணை சாய்மனைக் கதிரையில் இருந்தபடி என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, குளத்தை வத்தப்பண்ணினது நீர்தான். இனி இஞ்சை ஏதும் பிடிச்சால் றோட்டுக்குப் போய், அங்கை நிண்டு சொல்லிப்போட்டு வாரும்."

பிறகொரு நாள் அக்காவிடமே கேட்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நீர் கண்டவுடனை மெச்சினீர்," என்றார். "கண்டவுடனை மெச்சக்கூடியதாய் இருந்தால் அது எனக்கு முதலே ஆரோ கீறினது. மற்றவையின்ரை சாமானை நான் ஏன் வீட்டிலை வைச்சிருக்க?"

இந்த ஒரு வசனத்தை, பின்னாளில் தடித்த புத்தகங்களில், படிக்கப் படிக்கத் தலை வலிக்கும் நடையில், பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அங்கெல்லாம் அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. தேங்காய்ப்பூ வாசம் மட்டும் இல்லை.

அவர் சிறுமியாக இருந்தபோது யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா பூப் போட்ட அட்டைகளைக் கொடுத்து அவற்றைப் பார்த்துக் கீற வைத்தாராம். இங்கிலாந்துப் பூக்கள். கண்ணால் காணாத, மூக்கால் அறியாத பூக்களை வருடக்கணக்காகக் கீறி, வருடக்கணக்காகப் பாராட்டு வாங்கி, கலியாணப் பேச்சில் அதையும் ஒரு தகுதியாகச் சேர்த்துச் சொல்லி, அண்ணைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "நான் பூவுக்கு ஆசைப்பட்டுத்தான் செய்தனான்," என்பார் அண்ணை. "வந்த பிறகு ஒரு பூவும் கீறேல்லை. ஏமாத்துக் கலியாணம்."

பலகை பலகை என்கிறேனே, அவை எங்கள் ஸ்டோரில் உடைந்துபோன தேயிலைப் பெட்டிகளின் மூடிகள். நான்தான் மேலதிகாரியைக் கேட்டு வாங்கி வருவேன். சில மூடிகளில் தோட்டத்து மார்க் நிறத்துக்குள்ளால் கசிந்து மேலே வந்துவிடும். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றின் கறுத்த எழுத்து ஒருமுறை ஒரு பெண்ணின் தோளுக்குள்ளே தெரிந்தது. வேறு யாரும் அதை மூடியிருப்பார்கள். அக்கா தோளை நகர்த்தினார்.

பக்கத்து வீட்டு உம்மா, டவுனில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மனைவி, வேலியோரம் வந்து எட்டிப் பார்ப்பவர். அவருடைய ஆட்டை அக்கா ஒரு படத்தின் மூலையில் வைத்திருந்தார். உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று வாயூறச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மச்சாள்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால், ஆடு நின்ற இடத்தில் ஒரு கட்டை.

"என்ட ஆடு எங்க புள்ள?"

"போயிட்டுது," என்றார் அக்கா.

"மாஷா அல்லாஹ் சொல்லித்தானே புள்ள சென்னேன். கண்ணூறு படாதே அதுக்கு."

"கண்ணூறு இல்லை உம்மா. ஆடு வடிவாய்த்தான் இருந்தது. அதுதான் பிழை."

உம்மா மச்சாள்மாரைப் பார்த்தார். மச்சாள்மார் கட்டையைப் பார்த்தார்கள். "கட்ட நல்லா ஈக்கல்ல," என்றார் உம்மா மெதுவாக, பழிக்குப் பழியாக. அக்காவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தக் கட்டை கடைசிவரை அங்கேயே நின்றது.

மெச்சினது அழியும் என்று தெரிந்த பிறகு, அந்த வித்தையைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார் அண்ணை. ஒரு பலகையில் அக்கா அவரைக் கீறிவிட்டார். சாய்மனைக் கதிரை, பிதுங்கிய வயிறு, வாய் பிளந்த நித்திரை. ஸ்டேஷன் நண்பர்கள் வந்தால் என்ன ஆவது. அண்ணை யோசித்து, தொண்டையைச் செருமி, படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இஞ்சாரும், அருமையாய்க் கீறியிருக்கிறீர். அந்த வாய் திறந்திருக்கிற விதம், அப்பப்பா, உயிரோடை இருக்குது."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது பொய் மெச்சல். வாய் அப்பிடியே நிக்கட்டும்."

மெய் மெச்சலும் பொய் மெச்சலும் அவர் காதுக்குள்ளேயே பிரிந்துவிடும், சுளகில் அரிசியும் உமியும் பிரிவதுபோல. அண்ணை அதற்குப் பிறகு அந்தப் படத்தின்மேல் துவாயைக் காயப்போடத் தொடங்கினார்.

கண்டியில் வருடாவருடம் நடக்கும் பூக்காட்சிக்கு ஒருமுறை யாரோ வற்புறுத்தி ஒரு படத்தை வாங்கிப்போனார்கள். அதைப் பெண்கள் கைவேலை மேசையில், பின்னல் விரிப்புக்கும் மாம்பழ ஜாமுக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். ஜாமுக்குப் பரிசு. நீதிபதியாய் வந்த துரைசாணி எங்கள் படத்தருகே நின்று, நன்றாக யோசித்து, சட்டம் நேர்த்தியாக இருக்கிறது என்றாராம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் அக்கா சட்டத்தைக் கழற்றி அடுப்படிக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அவருடைய எந்தப் படத்துக்கும் சட்டம் இல்லை.

அந்த ஜாம் மேசையில்தான் அதைக் கண்டிருக்கிறார் கொழும்புக்காரர் ஒருவர். வாயில் புகையிலை புகையும் சுங்கான், கழுத்தில் பட்டுத்துண்டு. புது மாதிரி ஓவியர்கள் சிலர் சேர்ந்து கொழும்பில் ஒரு காட்சி நடத்தப்போகிறார்கள், நீங்களும் ஒரு பெரிய படம் தரவேண்டும், சனிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

அக்கா அதைக் கேட்டுவிட்டு, உலையில் அரிசியைப் போட்டார். கஞ்சி வடிக்கும்போதுதான் வாய் திறந்தார். "ஒரு சுவரிலை, மற்றவையின்ரை படங்களுக்குப் பக்கத்திலை, என்ரை எப்பிடி நிக்குதெண்டு பார்க்கவேணும்," என்றார். "வேறை ஒண்டும் வேண்டாம். பக்கத்திலை வைச்சுப் பார்த்தால்தானே தெரியும்." அவர் வாயிலிருந்து ஆசை என்று ஒன்று வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கொடுக்க ஒரு படம் இருந்தது. நான்கு மூடிகளைச் சேர்த்து ஆணியடித்த பெரிய பலகை. கோச்சிப் பாதையோரம், மழைக்குக் கம்பளி போர்த்தி, மூட்டைகளோடு காத்திருக்கும் தோட்டத்துப் பெண்கள். அவ்வளவுதான் சொல்வேன். அதைப் பற்றி நானும் அண்ணையும் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை, எங்களுக்குள்ளேகூட. பேசினால் சுவருக்குக் கேட்டுவிடும் என்ற பயம். ஆனால் காலையில் அண்ணை ஒரு காலில் சப்பாத்தைப் போட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். என்ன அண்ணை என்றால், சப்பாத்துக் கயிறு சிக்கு என்பார். ஒவ்வொரு நாளும் சிக்கு.

சனிக்கிழமை காலை அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வாறவங்கள் படிச்சவங்கள், தம்பி. மெச்சாமல் இருக்க மாட்டாங்கள். மலையை மெச்சுவாங்கள், கம்பளியை மெச்சுவாங்கள். ஒவ்வொண்டாய் மெச்சினாங்களெண்டால் நாளைக்கு வெறும் பலகையைத்தான் கொழும்புக்கு அனுப்பவேணும்."

அக்கா கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து விளக்குக் கரியை வழித்தார். ஒரு துளி தேங்காயெண்ணெய். மோதிர விரலால் தொட்டு, படத்தின் இடது பக்கத்தில், மலையின் கன்னம் என்று சொல்லத்தக்க இடத்தில், குழந்தைக்கு நாவூறு படாமல் வைப்பார்களே, அதேமாதிரி, ஒரு கறுத்தப் பொட்டு வைத்தார். வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்த வீட்டில் பொட்டு வைக்க வேறு கன்னம் இருக்கவில்லை.

கார் வந்தது. சுங்கான்காரரும், நீளமயிர் வளர்த்த இன்னொருவரும். நீளமயிர் முன்னே போனார், பின்னே வந்தார், ஒரு கண்ணை மூடினார். சுங்கான்காரர் அசையாமல் நின்றார். பிறகு சுங்கானை எடுத்து அதன் தண்டால் சுட்டிக் காட்டினார்.

"இந்தக் கறுப்பு," என்றார், கொழும்புத் தமிழில். "இதுதான் விசயம். இது இல்லாட்டி இந்த மலை விழுந்திடும். எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் இந்தத் துணிச்சல் வராது."

பொட்டைப் பற்றி அவர்கள் பேசினார்கள், பேசினார்கள். பாரிஸ் வரைக்கும் போய் வந்தார்கள். அக்கா அப்போதுதான் முதல்முறையாகப் பொட்டைப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார். அண்ணை கூரையில் ஓர் ஒழுக்கைத் தேடிக்கொண்டிருந்தார். தேநீரும் பயத்தம் பணியாரமும் முடிந்து, படத்தைக் கட்டாயம் அனுப்பச் சொல்லி, கார் சரிவில் இறங்கிப் போகும்வரை, பெண்களையோ மலையையோ மெச்சி ஒரு சொல் அவர்கள் வாயிலிருந்து விழவில்லை. இருந்த பாராட்டு முழுவதையும் பொட்டே வாங்கிக்கொண்டது.

அக்கா மண்ணெண்ணெயில் துணியை நனைத்தார். பொட்டைத் துடைத்தார். துணியை உதறிக் காயப்போட்டார். வேறொன்றையும் தொடவில்லை.

அண்ணை சமையலறை வாசலில் நின்று என் காதில் சொன்னார், "பார்த்தீரே தம்பி, பொட்டு தன்ரை வேலையைச் செய்துபோட்டுது."

படத்தை அவரே ஸ்டேஷனில், வைக்கோல் வைத்து, படுக்கைவிரிப்புச் சுற்றி, கைப்பிள்ளையைப் போர்த்துவதுபோல் கட்டி அனுப்பினார்.

காட்சி தொடங்கிய நாள் மூவரும் விடியற்காலைக் கோச்சியில் கொழும்புக்குப் போனோம். அக்கா கூறைக்கு அடுத்த நல்ல சேலை உடுத்தியிருந்தார், பெருவிரலைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். மண்டபத்தில் கார்க்காரர்களும் பட்டுத்துண்டுகளும். சுவரெல்லாம் படங்கள். எங்களுடையதைக் காணோம். ஒருமுறை சுற்றினோம், மறுபடி சுற்றினோம். கடைசியில் அண்ணைதான் கண்டுபிடித்தார். உள்நோக்கித் திறக்கும் பெரிய வாசற்கதவு, காற்றுக்கு அடிக்காமல் சுவரோடு கொளுவப்பட்டிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் நாங்கள் தேடியது.

கொளுக்கியைக் கழற்றிக் கதவை இழுத்துப் பார்த்தோம். கீழே ஒரு அட்டை. திருமதி என்று போட்டு அண்ணையின் பெயர்.

"என்னைத்தான் கொளுவியிருக்கிறாங்கள்," என்றார் அண்ணை.

"கதவுக்குப் பின்னாலை நிக்கிறதெண்டால் நீங்களாய்த்தான் இருக்கவேணும்," என்றார் அக்கா. குரலில் ஒரு பிசகும் இல்லை. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை மட்டும் அதை முறுக்கிக்கொண்டே இருந்தது.

சுங்கான்காரர் எங்களைக் கண்டு வந்தார். முகத்தில் கோபமில்லை, ஏதோ ஏமாற்றம். "அந்தக் கறுப்பு எங்கே? அதைப் பார்த்துத்தான் நடுச்சுவரில் இடம் வைத்திருந்தேன். வந்ததில் அது இல்லை. அது இல்லாமல் இது வெறும் பெண்கள்."

"அது நான் வைச்சதில்லை," என்றார் அக்கா. "இவர் வைச்சது."

சுங்கான்காரர் திரும்பி அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். அன்று முழுவதும் அக்காவுக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது. "நீங்கள் எங்கே பயின்றீர்கள்?"

"குட்ஸ் ஷெட்டிலை," என்றார் அண்ணை. "அது விளக்குக் கரி."

"கரி. அற்புதம்." சுங்கான்காரர் குரலைத் தாழ்த்தினார். "திரும்ப வையுங்கள். இப்போதே. நடுச்சுவருக்கு மாற்றிவிடுகிறேன்."

அண்ணை தன் மோதிர விரலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நடுச்சுவர் அங்கே, எட்டி நடந்தால் வந்துவிடும் தூரத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுந்து, வெறுமையாக, ஓர் ஆணியோடு இருந்தது. அக்கா அந்த ஆணியை வெகுநேரம் பார்த்தார். நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு பொட்டுத்தானே அக்கா. ஒரு துளிக் கரி.

"அது மெச்சுப்பட்டுப் போச்சு," என்றார் அக்கா. "இனி வைக்க ஏலாது."

அவ்வளவுதான். சுங்கான்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அக்கா மண்டபத்தை நிதானமாகச் சுற்றி, ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, கைகளைப் பின்னால் கட்டிப் பார்த்தார். இடையிடையே வாசலுக்குப் போய்க் கதவைச் சுவரிலிருந்து விலக்கி வைப்பார். அங்கத்தைய பியோன் வந்து திரும்பக் கொளுவுவான். அவர் விலக்குவார், அவன் கொளுவுவான். அவனுக்கும் கடமை. சாயங்காலம் வரை இருவருக்கும் நடந்த அந்த யுத்தத்தில் பியோன்தான் வென்றான்.

திரும்பும் கோச்சியில் நான் கேட்டேன், மற்றவங்க படமெல்லாம் எப்படிங்க அக்கா என்று.

"எல்லாம் மெச்சலாம்," என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அதைவிடக் கொடிய விமர்சனம் ஒன்றை இந்த நாட்டில் இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

காட்சி முடிந்து படம் திரும்பி வந்தது. விரிப்பைப் பிரித்து, பழைய இடத்தில் சாய்த்து வைத்தோம். அக்கா மண்ணெண்ணெய்த் துணியை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார். அடுத்த நாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். துடைக்க ஒன்றுமில்லை. கை பழக்கத்தில் துணியைத் தேடும், எடுக்கும், மடித்து வைக்கும். ஒருவரும் ஒன்றும் சொல்லாத படம், அப்படியே முழுசாய், ஒரு மயிரிழை குறையாமல் நின்றது. மனசார மெச்சத்தக்கதாய் அவர் கீறியதில் முழுசாக நின்றது அது ஒன்றுதான். இப்படியும் ஒரு காப்பு உண்டா என்று சிரிக்கலாம். அந்த மத்தியானம் அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, என்ன?" என்றார் அக்கா.

அண்ணை கதிரைக் கைப்பிடியை விரலால் தட்டினார்.

"இஞ்சாருங்கோ. இவ்வளவு காலமும் நான் உங்களிட்டைக் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ."

அண்ணை எழுந்தார். படத்தருகே போனார். ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி எத்தனையோ காலைகளில் விழுங்கிய சொற்களெல்லாம் அவர் தொண்டையில் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால், அக்கா கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடும்.

"இந்தக் கழுத்து," என்றார் கடைசியில், கரகரத்து. "நீளம் கூடிப்போச்சு."

அக்கா நிமிர்ந்தார். "இன்னும்?"

"மலை சரிஞ்சிருக்குது. கள்ளுக் குடிச்ச மலை மாதிரி."

"இன்னும்?"

"பச்சை முகம். ஆருக்குமே பச்சையாய் முகம் இருக்கும்?" அவருடைய காதுமடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், வாழ்க்கையிலேயே நீளமான பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும் தம்பி."

"வானம் பத்தலைங்க அக்கா," என்றேன். "மேல ஒரு சேலைக்கரை அளவுதான் வச்சிருக்கீங்க. அந்தக் கடைசிப் பொம்பளையோட கையும்... மூட்டையைத் தொடாம நிக்குது. தொட்டிருக்கலாம்."

சுளகில் அரிசியும் உமியும் பிரிந்தன. அக்காவின் கண் அண்ணையிடமும் என்னிடமும் மாறி மாறிப் போனது. துணியை மடித்து ஜன்னல் படியில் வைத்தார். "பொய்யர்," என்றார் மெதுவாக. முகத்தைத் துடைத்தார், பெருவிரல் பச்சை மூக்கில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் அதைச் சொல்லவில்லை.

"இன்னும் சொல்லுங்கோ," என்றார், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி. "வேலை ஒண்டும் இல்லைத்தானே. ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

மழை பிடித்தது. அடுப்பில் பருப்புக் கரிந்தது. நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

இப்போது அந்தப் பலகை நாவலப்பிட்டியில் என் வீட்டில், கதவே இல்லாத ஒரு சுவரில் இருக்கிறது. புது ஓவியத்தின் கதையை எழுதுகிறவர்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வருகிறார்கள். கொழும்புக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார்கள், சுங்கான்காரரின் பெயர் முதலில். பிறகு சுவரைப் பார்த்து, இது யார் கீறியது என்கிறார்கள். சொல்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள், அல்லது எழுதாமல் விடுகிறார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன என்று என்னையே கேட்கிறவர்களும் உண்டு. அக்கா போய் வருடங்களாகிவிட்டன. மெச்சினாலும் துடைக்க ஆளில்லை. ஆனாலும் வாய் பழகிவிட்டது.

கழுத்து நீளம், என்கிறேன். மலை சரிவு. வானம் போதவே போதாது.